பிள்ளையைப் பற்றிப் பிள்ளையிடம் கேளுங்கள்

மறுமணம் செய்துகொண்டு, அவர் பிள்ளை, என் பிள்ளை, நம் பிள்ளை என்று ஒரே வீட்டில் வளர்த்துவரும் பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

"அவருடைய மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?" ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சாட்ஜிபிடியிடம் இப்படிக் கேட்கிறோம். கணவரிடம் கேட்பதில்லை. அடுத்த அறையில் இருக்கும் அந்தப் பெண்ணிடமும் கேட்பதில்லை.

அந்தச் செயலிக்கு நாம் எழுதியது மட்டும்தான் தெரியும். புது வீட்டு அலமாரியில் அவள் துணிக்கு ஒரு தட்டாவது ஒதுக்கினோமா? இறந்துபோன அவள் அம்மாவின் படத்தைக் கூடத்திலிருந்து யார் எடுத்தார்கள்? அம்மா வழிப் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டபோது யார் முகம் சுளித்தார்கள்? இதையெல்லாம் நாம் எழுதவில்லை. நம் மனக்குறையை எழுதினோம். செயலி நம் பக்கம் நின்று பேசியது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பை ஊர்ப் பஞ்சாயத்தில் ஏற்போமா? வீட்டில் மட்டும் எப்படி ஏற்கிறோம்?

இந்தக் கருவிகளுக்கு ஆமாம் போடும் குணம் உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாதிரியில் செய்த ஒரு மாற்றம், கேட்பவரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஆமோதிக்கிறது என்று சொல்லி, அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே திரும்பப் பெற்றது. "நான் கண்டிப்பாக இருப்பது சரிதானே?" என்று செயலியிடம் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு விதிகளை அடுக்குகிறோம். மறுமணக் குடும்பங்களோடு பல பத்தாண்டுகள் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா பேப்பர்நௌ சொல்வது வேறு: கண்டிக்கும் பொறுப்பு பெற்றவரிடமே இருக்கட்டும், புதிதாக வந்தவர் முதலில் உறவை வளர்க்கட்டும். அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்றும் அவர் சொல்கிறார்.

இன்னொன்று எனக்குப் பொறுக்கவில்லை. பையன் இன்னும் படுக்கையை நனைப்பதை, ஆலோசகரிடம் அழுததை, பெயரும் பள்ளியும் சேர்த்துச் செயலியில் எழுதிவிடுகிறோம். மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இந்த உரையாடல்களுக்கு இல்லை என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் சொன்னார். அந்தப் பையனின் ரகசியத்தை வெளியே கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது?

கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதாரணமாக, மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி இயல்பான காப்பாளர் ஆக மாட்டார்கள். தந்தை இறந்த பிறகு பிள்ளையின் குடும்பப் பெயரைத் தாயே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட விஷயங்களைப் புரிந்துகொள்ள அதனிடம் கேளுங்கள். கேட்டதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சரிபாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் ஒடுங்கிக் கிடந்தால் 14416-இல் டெலி மானஸ் மனநலச் சேவையை அழையுங்கள்.

மற்றதை வீட்டில்தான் பேச வேண்டும். முதலில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யார் எதைக் கண்டிப்பது என்று முடிவு செய்யுங்கள். பிறகு பெற்றவர் பிள்ளையைத் தனியாக வெளியே அழைத்துப் போய், "இந்த வீட்டில் உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்கட்டும். குறுக்கே பேசாமல், புதியவருக்காக வாதாடாமல் கேட்கட்டும். முதல் தடவை "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். அடுத்த வாரமும் கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே செய்து காட்டுங்கள். நாம் சொன்னால் நடக்கும் என்று தெரிந்தால்தான் பிள்ளை அடுத்ததைச் சொல்லும்.