வம்சத்துல இருக்குதுங்களா?

எங்க கொங்குப் பக்கம் சம்பந்தம் பேசறப்ப கூட்டம், கோயில், காடு தோட்டம் வரைக்கும் விசாரிப்பாங்க. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு பைபோலார்ங்கறதை மட்டும் அமுக்கிடுவாங்க.

வம்சத்துல வர்றது நெசந்தானுங்க. பொதுவா 100 பேர்ல ஒருத்தருக்குன்னா, பெத்தவங்களுக்கு இருந்தா 10 பேர்ல ஒருத்தர் வரைக்கும் வரலாம். மிச்சம் 9 பேருக்கு வராதே! ஒத்தை ஜீன் பண்ற வேலையும் இல்லை. 2025ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு மரபணுத் தொகுப்புல 298 இடங்களைக் காட்டுது. ஒவ்வொண்ணோட பங்கும் துளியூண்டுதான்.

மறைச்சா என்னாகும்? புருசன் நாலு நாள் தூங்காம, புது யூனிட் போடறேன்னு கடன் வாங்குவான். திருப்பூர்ல அதை சுறுசுறுப்புன்னு மெச்சுவாங்க! அப்புறம் சோர்ந்து விழுந்தா, வெறும் டிப்ரஷன்னு மாத்திரை. அதுவே சிலருக்கு மறுபடி கிளப்பி விட்டுடும். மாமனார் கதை தெரிஞ்ச பொண்டாட்டின்னா டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லியிருப்பா.

அதனால கேளுங்க, சொல்லுங்க. சம்பந்தத்தை முறிக்க இல்லீங்க, சமயத்துல வைத்தியம் பாக்க.