எழுதத் தெரியாத பிள்ளைகள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

"இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரியல." பந்திங்கில் கல்யாண மண்டபமானாலும் ஆசிரியர்கள் கூடும் இடமானாலும் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுத் தரும் வேலைக்கு நான் அண்மையில்தான் சேர்ந்தேன். பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங், கேரித் தீவு என்று கோல லங்காட் வட்டாரம் முழுவதிலிருந்தும் வரும் பிள்ளைகளின் தாள்களை வாசிப்பதுதான் இப்போது என் வேலை. அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: இந்தக் குற்றச்சாட்டு தவறு. அதற்கு அடுக்கப்படும் காரணங்கள் அதைவிடத் தவறு.

அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போனவர்கள் யார்? தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போனார்கள். அதையும் தாண்டி மேலே போனவர்கள் சிலர். மலேசியாவில் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டம் 1996இல் வந்தது. பிடிபிடிஎன் கல்விக்கடன் 1997இல் வந்தது. அதன் பிறகுதான் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநரின் மகளும் டிப்ளோமா வகுப்பில் உட்கார முடிந்தது. அன்று பல தேர்வுகளில் வடிகட்டப்பட்டு வந்த சிலரையும் இன்று வந்து சேர்ந்திருக்கும் எல்லோரையும் பக்கத்தில் நிறுத்தி, தரம் விழுந்துவிட்டது என்பது நியாயமான ஒப்பீடு அல்ல.

இந்தப் புலம்பல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தபோது எழுதியவர்களில் பாதிக்கும் மேல் தேறவில்லை. வசதியான வீட்டுப் பையன்கள், தாய்மொழியே ஆங்கிலம். 1892இல் அதே பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று பள்ளிகளைக் குறைசொல்லி அறிக்கை வெளியிட்டது. 1975 டிசம்பரில் நியூஸ்வீக் இதழ், பிள்ளைகளால் ஏன் எழுத முடியவில்லை என்று முகப்புக் கட்டுரை போட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தியது நன்றாக எழுதியது என்றே நம்பியிருக்கிறது.

நம்பிக்கையை விட்டு எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் கேரன் லன்ஸ்ஃபோர்டும் அமெரிக்க முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை ஆராய்ந்து, பழைய ஆய்வுகளோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். 100 சொல்லுக்கு எத்தனை பிழை? 1917இல் 2.11, 1930இல் 2.24, 1986இல் 2.26, 2006இல் 2.45. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளில் நகர்ந்தது இவ்வளவுதான். மாறியது கட்டுரையின் நீளம். 1917இல் சராசரி 162 சொல் எழுதினார்கள், 2006இல் 1,038 சொல். ஆறு மடங்குக்கும் மேல் நீண்ட, பெரும்பாலும் ஆதாரம் காட்டி வாதிட வேண்டிய கட்டுரைகளில் பிழை விகிதம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. இது வேறு நாட்டுக் கணக்குதான். ஆனால், அந்தக் காலம் பொற்காலம் என்பவர்கள் இப்படி ஒரு கணக்கை இதுவரை எனக்குக் காட்டியதில்லை.

அடுத்தது என்னைக் கோபப்படுத்தும் வாதம்: தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் பிள்ளை கல்லூரியில் திணறுகிறது என்பது. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை ஆறு ஆண்டு தமிழில் படிக்கிறது. பிறகு இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில். மலாயில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. ஐந்தாம் படிவம் முடித்துத் தனியார் கல்லூரிக்கு வந்தால் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். பதினெட்டு வயதுக்குள் மூன்று மொழிகளில் பாடம் படித்த பிள்ளை அது. மூன்றாவது மொழியில் அது தடுமாறினால் முதல் மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? ஒரு மொழியில் ஆழமாகப் பெற்ற எழுத்தறிவு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979இலேயே எழுதினார். என் வகுப்பிலும் அதைக் காண்கிறேன். தமிழில் நிறைய வாசித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பிழையோடு எழுதினாலும், ஒன்றைச் சொல்லி அதற்குக் காரணம் காட்டி அடுத்ததற்குப் போகத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள்.

தடுமாற்றம் வேறிடத்திலிருந்து வருகிறது. முதல் வாரத் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தொடங்குகின்றன: இந்த நவீன உலகமயக் காலத்தில் என்று. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வுக்காக மனப்பாடம் செய்த முன்னுரை அது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும், எந்தப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் எழுதும். நேரத்துக்குள் ஒரே மூச்சில் எழுதி, புள்ளி வாங்கி, மறந்துவிடும் எழுத்துதான் பதினொரு ஆண்டும் அவர்களுக்குப் பழக்கம். எழுதியதை யாராவது வாசித்து, 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டதில்லை. மறுபடி எழுதிக் கொண்டுவா என்றதும் இல்லை.

இலக்கணத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு மாணவியின் தாளைக் காட்ட ஆசை. தண்ணீர்த் தடை பற்றி எழுதியிருந்தாள். சிலாங்கூரில் ஆற்று நீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்படுவதும் குழாயில் தண்ணீர் நிற்பதும் எல்லோரும் அறிந்தது. நீர் மனிதனின் அடிப்படைத் தேவை, அரசாங்கமும் மக்களும் கைகோர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். பிழை அதிகமில்லை. உயிரும் இல்லை. வகுப்பு முடிந்ததும் அவளிடம் கேட்டேன்.

"தண்ணி நின்னப்ப உங்க வீட்ல யாரும்மா புடிச்சு வெச்சது?"

"பாட்டிதான் மிஸ். யாரையும் தொடக்கூட விட மாட்டாங்க."

"அதை எழுதேன்."

"அதெல்லாம் எழுதலாமா மிஸ்?"

இரண்டாவது தாளில் பாட்டி வந்தார். சமையலுக்கு அண்டா, குளிக்க நீலப் பீப்பாய். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. அதோடு நிற்கவில்லை. தண்ணீர் நிற்கப்போகும் செய்தி மலாயில் பேரனின் கைப்பேசிக்குத்தான் வந்தது, பாட்டிக்குப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் தண்ணீரை ஆள்பவருக்கே தகவல் போய்ச் சேரவில்லை என்று எழுதினாள். முதியவர்கள் இருக்கும் குடியிருப்புகளில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும், கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும் என்று முடித்திருந்தாள். மூன்று பக்கம்.

அந்தத் தாளில் முதல் தாளைவிடப் பிழை அதிகம். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடந்தன. மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. ஐந்தாண்டு அதில் எழுதிப் பழகியவளுக்கு ஆங்கிலத்தில் அது நழுவுவதில் வியப்பில்லை. 'ஏனென்றால்' என்று தொடங்கிய வாக்கியங்கள் பாதியில் நின்றன. முன்பு அவள் அப்படி ஒரு வாக்கியத்தை முயன்றதே கிடையாது. நியூயார்க் சிட்டி கல்லூரி 1970இல் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது வந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை வாசித்த மீனா ஷாக்னெஸி, 1977இல் வெளியான தம் நூலில் இதைத்தான் விளக்கினார்: பிழைகளுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது, அவை கற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம். சிவப்பு மையை மட்டும் கண்ட பிள்ளை அடுத்த முறை அந்த நீண்ட வாக்கியத்தை எழுதாது. பத்திரமான முதல் தாளுக்கே திரும்பிவிடும். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவது எழுத்தை மேம்படுத்துவதில்லை என்று பிராடாக் ஆய்வுக் குழு 1963இலேயே சொல்லிவிட்டது. கிரஹாமும் பெரினும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மாணவிக்கு இறந்தகாலம் சொல்லிக்கொடுத்தேன், பாட்டியைப் பற்றிய அவளுடைய வாக்கியங்களை வைத்தே. உடனே பிடித்துக்கொண்டாள்.

எழுத்து பிறவி வரம் என்பவர்களுக்கும் அதே இரண்டு தாள்கள்தான் பதில். இரண்டையும் எழுதியது ஒரே கை.

கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் எழுத்தைக் கொன்றுவிட்டன என்பதில் முதல் பாதியை ஒதுக்கிவிடலாம். வாட்ஸ்அப் மொழி கட்டுரைக்குள் அதிகம் நுழைவதில்லை. லன்ஸ்ஃபோர்டு ஆய்விலும் குறுஞ்செய்திச் சுருக்கங்கள் மிகக் குறைவு. இரண்டாவது பாதி கனமானது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஒரு தாளைக் கையில் எடுக்கும் எந்த ஆசிரியருக்கும் சந்தேகம் வருகிறது. எனக்கும் வருகிறது. ஆனால் இயந்திரம் நொடியில் எழுதித் தருவது எதை? நவீன உலகமயக் காலத்தில் என்று தொடங்கும் அந்த முதல் தாளைத்தான். அதைக் கேட்டு, அதற்கே புள்ளி போட்டு வந்தோம். பாட்டி வீட்டுப் பீப்பாய் போன்ற ஒன்றையும் இயந்திரம் கற்பனையாக எழுதிவிடும், உண்மைதான். வகுப்பிலேயே கையால் எழுதிய வரைவு, அதைப் பற்றிய பேச்சு, திருத்திய வரைவு என்று ஒரு கட்டுரை வளர்வதை ஆசிரியர் கூடவே இருந்து பார்த்தால் யார் எழுதியது என்பதில் குழப்பம் வராது. அதற்கு வேண்டியது நேரம்.

பிள்ளைகளைக் குறைசொல்லும் பேச்சு மறைத்துவிடுவது இந்த நேரக் கணக்கைத்தான். ஒரு வகுப்பில் 35 பேர், ஓர் ஆசிரியருக்கு 4 வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 140 தாள். ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் ஒரு முறை வாசிக்க மட்டும் 35 மணி நேரம். இரண்டாவது வரைவை எப்போது வாசிப்பது? பகுதிநேர விரிவுரையாளருக்கு வகுப்பில் நிற்கும் மணிக்குத்தான் சம்பளம் என்றால் வீட்டில் வாசிக்கும் மணி அவருடைய தூக்கத்திலிருந்து போகிறது. அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர் அமைப்பு ஒரு வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருந்தால் நல்லது, ஒரு பருவத்துக்கு மொத்தம் 60 மாணவரைத் தாண்டக் கூடாது என்கிறது.

எங்கள் ஊர்ப் பெற்றோர் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டணம், விடுதி, பேருந்து, படித்தால் வேலை கிடைக்குமா என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். இவற்றையும் கேளுங்கள். முதலாண்டு எழுத்து வகுப்பில் எத்தனை பேர்? கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதித் தர இடம் உண்டா? அதை வாசிக்கும் ஆசிரியருக்கு வாசிக்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கிறீர்களா?