குடல்வால் செய்கிற கலாட்டா

உடம்பில் வேலைவெட்டி இல்லாத ஆசாமி யார் என்று கேட்டால் எல்லோரும் குடல்வாலைத்தான் காட்டுவார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற முனையில், சுண்டுவிரல் சைசில் சும்மா தொங்குகிற சமாசாரம். அதில் கேன்சர்கூட வரும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ரோமன் ஹாலிடே’யில் ஸ்கூட்டரைத் தாறுமாறாக ஓட்டி உலகத்தையே கிறங்கடித்த ஆட்ரி ஹெப்பர்ன் போனது இதில்தான். 1992 செப்டம்பரில் யுனிசெஃப்புக்காக சோமாலியா போய் வந்தார். நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆபரேஷன். 1993 ஜனவரி 20-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார். வயசு 63.

மற்ற கேன்சரெல்லாம் ரத்தத்திலோ நிணநீரிலோ ஏறி கல்லீரல், நுரையீரல் என்று டூர் கிளம்பும். இது வேறு ஜாதி. குடல்வாலுக்குள் கோழை மாதிரி சுரந்து, ஒருநாள் வெடித்து, வயிற்றுக்குள் கசிகிறது. வயிற்றின் உட்புறம் பெரிட்டோனியம் என்று ஒரு மெல்லிய ஜவ்வு. அதற்குள் கொஞ்சம் திரவம் சதா சுற்றி வரும். கேன்சர் செல்கள் அதில் ஓசிச் சவாரி செய்து, வலது உதரவிதானத்தின் அடியிலும், அடிவயிற்றுப் பள்ளத்திலும், குடலுக்கு முன்னால் திரை மாதிரி தொங்கும் கொழுப்பிலும் இறங்கிக் குடித்தனம் பண்ணும். சிறுகுடல் மட்டும் ரொம்ப நாள் தப்பிக்கும். அது எந்நேரமும் நெளிந்துகொண்டே இருக்கிறதே, ஓடற பஸ்ஸில் எப்படித் தொற்றுவது?

ஜெல்லி சேரச் சேர வயிறு பெருக்கும். நாமோ தொப்பை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெல்ட்டில் புது ஓட்டை போடுவோம். பெண்களுக்கு சினைப்பைக் கட்டி மாதிரி காட்டும். ஆண்களுக்கு ஹெர்னியா மாதிரி.

என் நண்பர் ஒருத்தருக்கு (ரிடையர்டு, வாக்கிங் போகிறவர், வெற்றிலைகூடக் கிடையாது) அப்படித்தான் ஆச்சு. ஹெர்னியாவைத் திறந்தால் உள்ளே குடல் இல்லை, ஜெல்லி! அந்த சர்ஜன் புத்திசாலி. துளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, மேலே நோண்டாமல் தைத்துவிட்டார். ரிசல்ட் வந்தது. வீட்டில் ரகளை.

“கேன்சர்ல கத்தி பட்டா பரவிடும்னு எங்க அம்மா சொல்வா. மறுபடி திறக்க வேண்டாம்” என்றார் அவர் மனைவி, தீர்மானமாக.

அம்மா சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்த வியாதியில் அரைகுறையாக வெட்டினால், வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் செல்கள் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஜெல்லியை வழித்தெடுத்து அனுப்புவார்கள். அது திரும்ப வரும், திரும்ப வழிப்பார்கள். பயப்பட வேண்டியது அந்த மாதிரிக் கத்திக்குத்தான்.

வாஷிங்டனில் பால் ஷுகர்பேக்கர் என்ற சர்ஜன் வேறு தினுசாக யோசித்தார். வயிற்றைத் தாண்டி சாமானியத்தில் வெளியே போகாத வியாதி என்றால், வயிற்றையே சுத்தமாகக் காலி பண்ணினால் என்ன? 1995-ல் முறையை விவரமாக எழுதினார். நோய் படிந்த ஜவ்வையெல்லாம் சுவரொட்டி உரிக்கிற மாதிரி உரிப்பது. கொழுப்புத் திரை, குடலில் ஒரு பகுதி, தேவைப்பட்டால் மண்ணீரல், பித்தப்பை, கர்ப்பப்பை எல்லாம் அவுட். பிறகு மைட்டோமைசின் மாதிரி மருந்தை 41, 42 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் ஓடவிடுவது. வயிற்றைக் குலுக்கிக் கொடுப்பதால் அமெரிக்காவில் இதற்கு ‘ஷேக் அண்ட் பேக்’ என்று சமையல்கட்டுப் பேர். மருந்து சில மில்லிமீட்டர்தான் ஊறும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற கட்டியெல்லாம் முதலில் போயாக வேண்டும். மொத்தம் பத்து மணி நேரம்கூட ஆகும்.

2012-ல் 16 மையங்கள் சேர்ந்து 2,298 பேரின் கணக்கை வெளியிட்டன. பத்து வருஷம் தாண்டுகிறவர்கள் 63 சதவீதம். ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 2 சதவீதம். பெரிய சிக்கல் வந்தவர்கள் கிட்டத்தட்ட நாலில் ஒருத்தர். முரட்டு ரகக் கேன்சருக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் கிடையாது. சிறுகுடல் பூராவும் படிந்துவிட்டால் கத்தியையே எடுக்க மாட்டார்கள். நண்பருடையது சாது ரகம், சிறுகுடல் சுத்தம் என்று ஸ்கேன் சொன்னது. இந்த வேலையையே பழக்கமாகச் செய்கிற டீமிடம் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

“பத்து மணி நேரமா?” என்றார் கடைசியில். “அத்தனை நேரம் அந்த டாக்டர் சாப்பிடாம நிப்பாரா? நாலு இட்லி கட்டிண்டு போகட்டுமா?”