பிஸ்மி சொல்லிச் செய்த கேக்குக்குப் பதிவு எதற்கு?





பெரியபாளையத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் சென்ற ஆண்டு சில பிள்ளைகள் குர்ஆனை ஓதி முடித்தார்கள். அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள, நம் மஹல்லாவிலேயே வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு சகோதரியிடம் சொல்லி வரவழைத்தோம். துஆ முடிந்து, கேக்கை வெட்டிக் கொடுத்த சிறிது நேரத்தில் எட்டு வயது மாணவன் ஒருவனுக்கு உதடு வீங்கியது. உடலெங்கும் தடிப்பு எழுந்தது. மூச்சு இரைத்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அவன் சாப்பிட்டதில் என்னென்ன இருந்தது?"

நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. கேக் வந்த அட்டைப்பெட்டி வெறும் வெள்ளைப் பெட்டி. சகோதரிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான் மாவில் முந்திரிப் பொடி கலந்திருந்தது தெரிந்தது. பையனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்பது அவன் பெற்றோருக்குத் தெரியும். கேக்கில் முந்திரி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அல்லாஹ்வின் கிருபையால் அவன் அன்றிரவே தேறினான். அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் மஹல்லாவில் பேச்சு எழுந்தது. சிலர் கண்ணேறு என்றார்கள். பலர் சொன்னது வேறு: "அது வீட்டில் செய்தது, சுத்தமானது, பிஸ்மி சொல்லிச் செய்தது. அதில் என்ன குறை இருக்க முடியும்?" உணவு விற்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று நாம் எடுத்துச் சொன்னபோது, நம்மையே குறை கூறினார்கள். "பாவம், நாலு காசு சம்பாதிக்கும் பெண் பிள்ளைகள் மேல் சட்டத்தை ஏவுகிறீர்களே" என்றார்கள். அந்தப் பேச்சுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். முதலில் நம் தவறை ஒப்புக்கொள்கிறோம். கேக்கைச் சொல்லியனுப்பியவர்கள் நாம். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காதவர்களும் நாமே.

"வீட்டில் செய்வதற்குச் சட்டம் எதற்கு?"

வீட்டாருக்குச் சமைப்பது வேறு, விற்பதற்குச் சமைப்பது வேறு. பிறரிடம் காசு வாங்கிக்கொண்டு உணவைக் கொடுக்கும் நொடியில் அடுப்படி கடையாகிவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உணவுத் தொழில் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் இலாபம் உண்டா இல்லையா என்பதுகூட ஒரு பொருட்டன்று. அச்சட்டத்தின்கீழ் 2011 இல் வந்த விதிமுறைகள் சிறு உற்பத்தியாளருக்கு ஒரு சலுகை தந்தன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்கள் பெரிய ஆலைகளைப் போல உரிமம் வாங்க வேண்டியதில்லை என்று அவை அன்று வகுத்தன. பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும். வாரத்திற்குப் பத்துக் கேக்கும், பெருநாளைக்கு நான்கு தட்டு தம்ரூட்டும் நான்கட்டாயும் செய்யும் நம் சகோதரிகள் இந்த வகையினரே.

2020 ஆம் ஆண்டு ஊரடங்கு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலை இழந்த வீடுகளில் பெண்கள் யூடியூப் பார்த்துக் கேக் செய்யக் கற்றார்கள். அடுப்பு அணையாமல் காத்தார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அது தொழிலாகிவிட்ட பிறகும் "சும்மா வீட்டில் செய்வது" என்று சொல்லிக்கொண்டிருப்பது, இலாபத்தில் வியாபாரியாகவும் பொறுப்பில் இல்லத்தரசியாகவும் இருக்க விரும்புவதாகும்.

"இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத சட்டம்"

இப்படிச் சொல்வோர் நம் வரலாற்றை அறியாதவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை மதரஸாவில் ஓதும் சிறுவர்களும் அறிவார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இன்றைய உணவு ஆய்வாளர் செய்வதும், பொட்டலத்தின் மேல் ஒட்டும் லேபிள் செய்வதும் இதுதான்: உள்ளே இருப்பதை மேலே கொண்டுவந்து காட்டுவது.

பின்வந்த இஸ்லாமிய ஆட்சிகளில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். அவருக்கு வழிகாட்டியாக 12 ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் அடுமனைக்காரருக்கென்றே விதிகள் உள்ளன. அடுமனைக் கூரை உயரமாக இருக்க வேண்டும். புகை வெளியேற வழி வேண்டும். மாவு பிசைபவர் காலாலும் முழங்கையாலும் மிதித்துப் பிசையக் கூடாது. பேசும்போதும் தும்மும்போதும் எச்சில் மாவில் தெறிக்காமலிருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும். பகலில் பிசைந்தால், அருகில் ஒருவர் ஈ விரட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்றைய விதிகள் சிறு உற்பத்தியாளரிடம் கேட்பது என்ன? குடிக்கத் தகுந்த நீர், மூடிய பாத்திரங்கள், வெட்டிய நகம், மூடிய தலை, பூச்சியும் எலியும் அண்டாத இடம், தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தொடாமை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர்கள் கேட்டதைவிட இது கடுமையானதா? வெளியிலிருந்து வந்த சட்டம் என்று நாம் முகம் சுளிப்பது, நாம் மறந்துபோன நம் சொந்த மரபைப் பார்த்துத்தான்.

"நம்மவர் செய்தது, ஹலாலாகத்தான் இருக்கும்"

கடையில் பிஸ்கட் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இ-441 என்றிருந்தால் ஜெலட்டின், இ-120 என்றிருந்தால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நிறம் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புகிறோம். நிறுவனம் ஓர் எழுத்தை மறைத்தால் கொதிக்கிறோம். அதே நாம், நம் சகோதரியின் கேக்கில் உள்ள கிரீமிலும் எசென்சிலும் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அவரும் அறிந்திருக்க மாட்டார். மொத்தக் கடையில் கிலோக் கணக்கில் பிரித்து வாங்கிய பொடிக்கு லேபிள் ஏது? நல்ல எண்ணம் அவருக்கு இருக்கிறது, தகவல் இல்லை. ஹலால் என்பது எண்ணத்தால் மட்டும் உறுதிப்படுவதில்லை, விசாரணையாலும் உறுதிப்படுகிறது.

நிறப்பொடிகளின் கதை இன்னும் அச்சம் தருவது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி அதில் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்ததே காரணம். அந்த மிட்டாயை விற்றவர்களும் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளே. ஏழ்மை சாயத்தின் நஞ்சை முறிக்கவில்லை. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு ஓராண்டுத் தடை வந்தது. வீட்டில் சாண்ட்விச் செய்து விற்கும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்கு அச்செய்தி எட்டியது? பதிவேட்டில் பெயர் இல்லாதவரைத் தேடி எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொன்றும் உண்டு. பவானியம்மன் கோயில் அமைந்த ஊர் நம் ஊர். ஆடி மாதத்தில் நம் அண்டை வீட்டார் பலர் விரதம் இருக்கிறார்கள், முட்டையைத் தொடுவதில்லை. நம் சட்டத்தில் முட்டை அசைவத்தில் சேரும்; முட்டை சேர்த்த உணவைப் பொட்டலமிட்டு விற்றால் பழுப்பு நிற அசைவக் குறி இட வேண்டும். நமக்கு ஜெலட்டின் எப்படியோ, அவர்களுக்கு விரதத்தில் முட்டை அப்படி. நம் நம்பிக்கைக்கு மதிப்புக் கேட்கும் நாம், அவர்கள் நோன்பை அறியாமல்கூட முறித்துவிடலாகாது.

"அலைச்சலும் செலவும் யாரால் முடியும்?"

இந்த முறையீட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளியை மாற்றிக் காட்டுகிறார்கள். 2011 விதிமுறைகள் பதிவுக்கு வகுத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இணையத்தில் விண்ணப்பித்தால் ஏழு நாட்களுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும். ஏழு நாளில் எதுவும் நடவாவிட்டாலும், ஆய்வென்று சொல்லிவிட்டு முப்பது நாளில் முடிவு சொல்லாவிட்டாலும், தொழிலைத் தொடங்கலாம் என்றே அவ்விதிமுறைகள் கூறுகின்றன. பின்னர் அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்துகொண்டால் போதும்.

இப்படி எளியவருக்குச் சாதகமாக எழுதப்பட்ட விதியை எளியவருக்குச் சுமையாக்கியவர் யார்? நூறு ரூபாய்ப் பதிவுக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கிய இடைத்தரகரை நாம் அறிவோம். அவரிடம் பணம் கொடுத்த சகோதரியையும் அறிவோம். அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பட்டம் படித்த இளைஞர்கள் நால்வர் இருந்தார்கள். நால்வர் கையிலும் கைப்பேசி இருந்தது. ஒருவரும் உதவ முன்வரவில்லை.

அந்நிய ஆண் அதிகாரி சமையலறைக்குள் வருவாரே என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது; தீர்வு எளியது. கணவரோ சகோதரரோ மகனோ உடனிருக்கும் நேரத்தைச் சொல்லி வரச் சொல்லலாம். கேக் வாங்க யார் யாரோ வாசலுக்கு வருகிறார்கள். அப்போது எழாத கேள்வி அதிகாரி வரும்போது மட்டும் எழுவதேன்?

ஜமாஅத்தாரிடம் ஒரு வார்த்தை

பதிவுச் சான்று கையை கழுவிவிடாது. சான்றைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு அழுக்குத் துணியால் தட்டைத் துடைக்கிறவரும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பதிவு செய்தவரிடம் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. பதிவில்லாதவரிடம் கேட்கப் புறப்பட்டால் அது உறவுச் சண்டையில்தான் முடிகிறது. நம் மாணவன் விஷயத்தில் அதுதான் நடந்தது. இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. அந்தச் சகோதரிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் நின்றுபோயின. பெட்டியின் மேல் "முந்திரி சேர்ந்தது" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் பிள்ளையும் தப்பியிருப்பான், அவர் பிழைப்பும் தப்பியிருக்கும். விதி அவருக்குப் பகையன்று, பாதுகாப்பு. அதை அவரிடம் முன்பே சொல்லாத நாம்தான் அவருக்குத் தீங்கு செய்தோம்.

ஆகவே வேண்டுகிறோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் வீட்டில் உணவு செய்து விற்கும் சகோதரிகளின் பட்டியலைத் தயாரிக்கட்டும். படித்த பிள்ளைகள் இருவர் அமர்ந்து, காசு வாங்காமல், அவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கட்டும். வாடகை வீட்டில் இருப்போருக்கு முகவரிச் சான்று வேண்டுமானால், ஜமாஅத் நிர்வாகிகள் வீட்டு உரிமையாளரிடம் பேசட்டும். ஆண்டுக்கொரு முறையாவது உணவு பாதுகாப்பு அலுவலரை அழைத்துப் பெண்களுக்குத் தனியாக ஒரு விளக்கக் கூட்டம் நடத்தட்டும். நம் மதரஸாவில் இனி எந்த நிகழ்ச்சிக்கும், சேர்மானப் பட்டியல் இல்லாத உணவை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பதிவு செய்யாத சகோதரிகளை ஒதுக்குவதற்காக அன்று. அவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கும் வேலையையும் நாமே ஏற்றிருக்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டிலிருந்து கேட்ட உரையாடல் நம்மிடையே பிரபலமானது. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்னாள் தாய். கலக்கக் கூடாதென்று அமீருல் முஃமினீன் அறிவித்திருக்கிறாரே என்றாள் மகள். இந்த வேளையில் உமர் இங்கே பார்த்துக்கொண்டா இருக்கிறார் என்றாள் தாய். உமர் பார்க்காவிட்டால் என்ன, அல்லாஹ் பார்க்கிறானே என்றாள் மகள். இந்நிகழ்ச்சியை இறையச்சத்திற்குச் சான்றாக நாம் மேடைதோறும் சொல்கிறோம். அந்தப் பெண் முதலில் எடுத்துச் சொன்னது ஆட்சியாளரின் உணவுச் சட்டத்தை என்பதையும், அவள் நின்ற இடம் ஒரு வீட்டு அடுப்படி என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

நம் சகோதரிகளின் உழைப்பில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக! அவர்கள் கையால் உண்ணும் பிள்ளைகள் அனைவரையும் நோயின்றிக் காப்பானாக! பிரிந்து நிற்கும் அந்த இரண்டு குடும்பங்களின் உள்ளங்களையும் இணைப்பானாக! ஆமீன்.