பிடிக்க ஒரு நிமிடம், திருப்ப எத்தனை வருடம்?

இலங்கையில் 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி எஸ்வட் எனும் இலகுபடுத்தப்பட்ட வற் வரி முறை ஒழிக்கப்பட்டபோது ஏற்றுமதியாளர்கள் போட்ட சத்தம் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும். வற் வரியைக் கட்டிவிட்டு மீளளிப்புக்குக் காத்திருந்தால் கைமுதல் முடங்கிப் போகும் என்றார்கள். நியாயமான பயம்தான். அரசாங்கம் 45 நாட்களுக்குள் பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுத்தது. நல்லது. அவர்கள் ஏற்றுமதி செய்கிற தேயிலைக்குக் கொழுந்து கிள்ளியே முதுகு வளைந்து ஓய்வுபெற்றவர்களின் வைப்பு வட்டியில் பிடித்த வரிக்கு எத்தனை நாள்? அதைக் கேட்க ஒரு சங்கமும் இல்லை. சம்பளத்துக்குச் சத்தம் போடுகிற தொழிற்சங்கங்கள் ஓய்வுபெற்றவர்களைச் சந்தாப் பட்டியலில் இருந்து எடுத்ததோடு மனத்தில் இருந்தும் எடுத்துவிட்டன.

வைப்பு வட்டியில் 2023 ஜனவரி முதல் 5 வீதம் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம். அதே நாளில்தான் வருமான வரிக்கான விலக்கெல்லை 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமானது. மாதம் ஒன்றரை இலட்சம் வரை வரியில்லை என்ற செய்தி தலைப்பில் வந்தது. வரியே இல்லாதவரிடமும் முதல் ரூபாயிலிருந்து பிடிப்பார்கள் என்பது உள்பக்கத்தில் கிடந்தது.

கணக்கைப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், வருகை ஊக்குவிப்பையும் சேர்த்து, 1,750 ரூபா. ஓர் அரைப்பேர்கூட (அரைநாள் சம்பளம்) விழாமல் மாதம் 25 நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்தாலும் வருடத்துக்கு 5,25,000 ரூபா. விலக்கெல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இனி, வேலையை விட்டபின் வட்டியை மட்டும் நம்பி வாழ்பவரை எடுங்கள். 8 வீத வட்டிக்குப் போட்டால், 18 இலட்சம் வட்டி வருவதற்கு வங்கியில் இரண்டேகால் கோடி ரூபா இருக்க வேண்டும். இரண்டேகால் கோடி! பதுளை மாவட்டத்துப் பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைப் பக்கம் ஏறினாலும் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினாலும், எந்த லயத்தில் இருக்கிறார் அந்தக் கோடீஸ்வரி? சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் சேர்ந்த 10 இலட்சத்தைப் போட்டு வைத்திருப்பவருக்கு வருட வட்டி 80,000. அதில் 8,000 கொழும்புக்குப் போகிறது. மாதா மாதம் வட்டி எடுப்பவர் என்றால் 667 ரூபா. பலருக்கு அது மருந்துக் காசு.

வங்கிக் கருமபீடத்தில் நடக்கும் உரையாடலை யாரும் கேட்கலாம். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டி, "ஏன் மிஸ், எங்காசு கொறையுது?" என்கிறார் வயதான அம்மா. "அது வரி அம்மா. கேட்டு எழுதினா திருப்பித் தருவாங்க." "யாருகிட்ட மிஸ் எழுதணும்?" அதற்குள் அடுத்தவரின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வரி செலுத்துநர் அடையாள இலக்கம், வருமான விபரத் திரட்டு, வரி பிடித்ததற்கான சான்றிதழ் என்று விளக்க ஆரம்பித்தால் வரிசை வாசலுக்கு வெளியே போய்விடும்.

இங்கே கடலுக்கு அப்பால் ஒரு பார்வை தேவை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் உறவுக்காரர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் இதே கொழுந்தைத்தான் கிள்ளினார்கள். அங்கே அறுபது கடந்த ஒருவருக்கு வங்கி வட்டி வருடத்துக்கு ஓர் இலட்சம் இந்திய ரூபாவைத் தாண்டும்வரை வங்கி வரி பிடிக்காது. நம் காசில் அது மூன்று இலட்சத்துக்கு மேல். அறுபதுக்குக் கீழே உள்ளவருக்கு 50,000 இந்திய ரூபா. தாண்டினாலும், வரிக்குரிய வருமானம் இல்லை என்று படிவம் கொடுத்தால் பிடிப்பு இல்லை. பிடித்த பணம் திரும்பத் தாமதமானால் மாதம் அரை வீத வட்டி. அங்கேயும் மீளளிப்பு தாமதமாகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு; இருக்கட்டும், 80,000 ரூபா வட்டிக்காரியை அங்கே யாரும் வரிசையில் நிறுத்துவதில்லை. ஒரே குடும்பம், அக்காள் கோத்தகிரியில், தங்கை ஹல்துமுல்லையில். அக்காளின் வட்டி முழுதாக வருகிறது. தங்கையின் வட்டியில் பத்தில் ஒன்று போய்விடுகிறது. தங்கை செய்த குற்றம் ஊரை விட்டுப் போகாததா?

இதற்கு ஆயத்தப் பதில் ஒன்று இருக்கிறது: வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்று வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்களே! கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் அறிவித்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தச் சுயபிரகடனத்தைப் பற்றி எந்தத் தோட்டத்தில் தமிழில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்? எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்பவர்களுக்கு ஒன்று: எஸ்வட்டை எடுக்கச் சொன்ன அதே நிதியம்தான் ஏற்றுமதியாளருக்கு ஒழுங்கான மீளளிப்பு முறை வேண்டும் என்றும் சொன்னது. ஏழைக்கு வேண்டாம் என்றா சொன்னது?

உண்மையான சுவர் ஆவணங்களில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, சேமலாப நிதிப் பதிவில் கிளார்க்கர் ஐயா போட்ட மூன்றாவது பெயர். சேமலாபப் பணத்தை எடுக்கவே சத்தியக் கடதாசியோடு அலைந்தவர்கள் இவர்கள். சேவைக்காலப் பணத்தை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்; அது எந்த இலட்சணத்தில் வந்து சேர்கிறது என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் வீட்டோடு கடதாசிகளையும் பறிகொடுத்தவர்கள் இப்போது எந்தச் சான்றிதழோடு எந்தப் படியேறுவார்கள்? வரி கட்டத் தாமதித்தால் மாதம் 1.5 வீதம் வட்டி போடத் தெரிந்த உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு, தானே தேடித் திருப்பிக் கொடுக்க மட்டும் தெரியாதாம்.

8,000 ரூபாவுக்காக யாரும் கொழும்பு 2இல் இருக்கும் அந்தத் திணைக்களம் வரை பஸ் ஏறமாட்டார்கள் என்பது கணக்குப் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்க வரமாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இந்த மீளளிப்பு ஏற்பாடே நிற்கிறது. கட்டத் தேவையில்லாதவரிடம் எடுத்துக்கொண்டு, கேட்டால் தருகிறேன் என்பதற்கு வரி என்று பெயர் வைப்பதே அநியாயம்.

ஒவ்வொரு மதிப்பீட்டாண்டும் மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. அடுத்தது முடிவதற்கு முன் பதுளை மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரேயொரு கேள்வியை நிதியமைச்சரிடம் கேட்கட்டும்: ஊவா மாகாண வங்கிக் கிளைகளில் 18 இலட்சத்துக்குக் கீழே வருமானமுள்ளவர்களிடம் 2025/26 மதிப்பீட்டாண்டில் பிடித்த தொகை எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? பதில் வரும்வரை, வாசிக்கிற பிள்ளைகள் ஒரு காரியம் செய்யுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் தாத்தா பாட்டியை வங்கிக்குக் கூட்டிப்போய், புதிய ஆண்டுக்கான சுயபிரகடனத்தை நிரப்பிக் கொடுத்து, திகதியோடு முத்திரை குத்திய பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.