நாடக மேடை: செவிவழி வந்த பாட்டு

சில திங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, தாதர் சிவாஜி மந்திரில் ‘கட்யார் காளஜாத் குஸலி’ என்னும் மராத்தி இசை நாடகத்தைக் குடும்பத்துடன் கண்டு வந்தேன். கட்டாரி நெஞ்சில் பாய்ந்தது என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். மூன்றாம் மணி ஒலித்துத் திரை விலகும் வரையில், நான்கு டிக்கெட்டுகளுக்குக் கொடுத்த பணத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்? முதற்பாட்டு எழுந்ததும் அக்கணக்கு மறந்துபோயிற்று.

கதை எளியது. அரசவைப் பாடகராகும் கான்சாகிப்புக்கு மன்னர் ஒரு கட்டாரியையும் அளிக்கிறார். அதனால் ஒரு கொலை செய்தாலும் குற்றமாகாது என்பது அதனுடன் வரும் உரிமை! தோற்ற பண்டிதர் ஊரை விட்டு அகல்கிறார். அப்பண்டிதரிடம் பயில வந்த சதாசிவன் என்னும் இளைஞன், கான்சாகிப்பின் மாளிகையில் வேலையாளாகப் புகுந்து, எடுபிடி வேலைகளுக்கிடையே அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டே கற்கிறான். தம் வழி வந்த வித்தை பிறர் கைக்குப் போகலாகாது எனக் கதவடைத்த கான்சாகிப்புக்கு இது தெரியவரும்போது கட்டாரி உறையில் கிடக்குமா? மீதியை அன்பர்கள் மேடையில் காண்பதே முறை.

புருஷோத்தம் தார்வேகர் எழுதி, ஜிதேந்திர அபிஷேகி இசையமைத்த இந்நாடகம் 1967-இல் அரங்கேறியது. வசந்தராவ் தேஷ்பாண்டே கான்சாகிப்பாக நடித்துப் புகழ் பெற்றார். பிற்காலத்தில் அவருடைய பேரன் ராகுல் தேஷ்பாண்டே அதே வேடத்தை ஏற்றார். இக்கதை 2015-இல் திரைப்படமானபோது பண்டிதராக நடித்தவர், இந்நகரத்துச் செம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகர் சங்கர் மகாதேவன். நம் வீடுகளில் மகிழ்ச்சியுடன் சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி இது.

எனக்குத் தெரிந்த மராத்தி, அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போதுமானது, நாடகத்துக்குப் போதாது. ஆதலின் பள்ளியில் மராத்தி பயிலும் என் பத்து வயது மகள், என் காதருகே குனிந்து வசனங்களுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தாள். தந்தைக்கு மகள் ஆசிரியையாக அமர்ந்த மூன்று மணி நேரம் அது. பெருமையும் சிறிது நாணமும் ஒருங்கே தோன்றின.

திரும்பும்போது மின்சார ரயிலில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: “அப்பா, நம்ம ஊர் நாடகத்திலேயும் இப்படிப் பாடுவாங்களா?”

நான் திகைத்துப் போனேன். பாடுவார்களாவது! சிறுவயதில் கோயில் கொடைக்கு விடிய விடிய நடந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை மணலில் அமர்ந்து கண்டவன் நான். ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊர். ஒத்திகையே இன்றி அன்றிரவு மேடையில் ஒன்றுகூடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடமாதலின் ஒத்திகை வேண்டியதில்லை. மராத்தி மேடைக்குப் பெண் வேடத்தில் பாடி மயக்கிய பால கந்தர்வர் (1888–1967) போல, நம் மேடைக்குச் செங்கோட்டை கிட்டப்பா வாய்த்தார். 1933-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தும், அவர் குரலை இசைத்தட்டுகள் இன்றும் வைத்திருக்கின்றன. இவ்விரு மொழி மேடைகளும் அந்நியமானவையும் அல்ல. தஞ்சையை ஆண்ட சகஜி மன்னர் (1684–1712) தமிழ் மண்ணில் இருந்துகொண்டே மராத்தியில் நாடகங்கள் இயற்றியிருக்கிறார்.

இத்தனையும் அறிந்திருந்தும், இதில் ஒன்றையேனும் என் மகளுக்கு நான் சொன்னதில்லை. ஒரு பாட்டையேனும் அவள் காதுபடப் பாடியதில்லை. கான்சாகிப் அகந்தையால் கதவடைத்தார். நான் ஷிப்டு முடிந்த அசதியாலும், ‘இவையெல்லாம் இங்கே யாருக்கு வேண்டும்’ என்னும் எண்ணத்தாலும் அடைத்தேன். காரணம் வேறாயினும் வெளியே நிற்பவள் என் மகளேயன்றோ? சதாசிவனுக்கேனும் சுவருக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

மறுநாள் இரவு, நினைவிலிருந்த வேடன் பாட்டொன்றைத் தயங்கித் தயங்கிப் பாடினேன். நடுவில் இரண்டடி மறந்துவிட்டது. ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவரோ அடிகளை மட்டும் சொல்லாமல் முழுப்பாட்டையும் பாடியே காட்டினார்! அருகில் நின்ற மகள், வார இறுதிக்குள் அதைத் தன் தம்பிக்குக் கற்பித்துவிட்டாள்.

ஆதலின் சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் திரைப்பாட்டு ஆட்டங்கள் இருக்கட்டும். குழந்தைகள் மகிழ்கிறார்கள், நாமும் மகிழ்கிறோம். அவற்றோடு அரை மணி நேரம் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் தினைப்புனக் காட்சிக்கும் இடம் தருவோம். வள்ளியும் வேடனும் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். மராத்தி அண்டை வீட்டாரையும் முன்வரிசைக்கு அழைப்போம். அவர்களுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பையும் நம் பிள்ளைகளிடமே விடலாம்.

பாட்டுகளைத் திரட்டும் பணியை நான் ஏற்கிறேன். ஆர்மோனியம் வாசிக்க அறிந்த அன்பர் எவரேனும் நம்மிடையே இருப்பின், சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கக் கோருகிறேன்.