உத்தரிக்கிற ஆன்மாவும் ஓநாய் மனிதனும்

கொழும்பு முகத்துவாரத்துக் கத்தோலிக்கரான நமக்கு ஒக்டோபர் 31ஐவிட நெருக்கமான நாள் நவம்பர் 2. மாதம்பிட்டி மயானத்தில் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக மன்றாடும் நாள். ஹாலோவீனும் இந்த நாட்களோடு சேர்ந்ததுதான். சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு அது. இந்தக் கிழமையில் திரும்பவும் பார்க்கும்படி நாம் சொல்லும் படம் ஜோன் லாண்டிஸின் 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981).

ரிக் பேக்கரின் ஒப்பனைக்காகவே பலர் இதை நினைவு வைத்திருக்கிறார்கள். ஒப்பனைக்கென்று ஒஸ்கார் பிரிவு தொடங்கிய ஆண்டே அவருக்குப் பரிசு கிடைத்தது. மனிதன் மிருகமாவதை இருட்டில் ஒளிக்காமல், வெளிச்சமான வரவேற்பறையில், எலும்பு நீளுவதுவரை காட்டினார்கள். மைக்கேல் ஜாக்சன் 'திரில்லர்' எடுக்க லாண்டிஸையும் பேக்கரையும் தேடிப் போனது இதைப் பார்த்துத்தான்.

ஆனால் படத்தின் உயிர் ஜாக்கிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் வெட்டவெளியில் நண்பர் இருவரை ஓநாய் தாக்குகிறது. ஜாக் சாகிறான், டேவிட் பிழைக்கிறான். ஆஸ்பத்திரியில் காலைச் சாப்பாட்டு நேரம் செத்தவன் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, டேவிட்டின் டோஸ்ட்டில் ஒரு துண்டு கேட்கிறான். கிழிந்த கழுத்துச் சதை பேசப் பேச ஆடுகிறது. தன் செத்தவீட்டைப் பற்றிக் கதைக்கிறான். பிறகுதான் காரியத்துக்கு வருகிறான்: ஓநாய் வம்சத்தின் கடைசி ஆள் நீ, நீ இருக்கும்வரை எனக்கு இளைப்பாற்றி இல்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் இன்னும் அழுகியிருக்கிறான். பகிடி மட்டும் குறைவதில்லை. கடைசியில் பிக்கடிலியின் ஒரு தியேட்டரில், ஓநாயாக மாறி டேவிட் கொன்றவர்களையும் கூட்டிவந்து பக்கத்து ஆசனங்களில் இருத்துகிறான். உத்தரிக்கிற ஆன்மா என்றால் என்னவென்று நம் ஆச்சிமாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1969இல் யூகோஸ்லாவியாவில் படப்பிடிப்பு வேலைக்குப் போன லாண்டிஸ், இறந்தவர் எழும்பி வரக்கூடாதென்று ஜிப்சிகள் செய்த அடக்கச் சடங்கொன்றைக் கண்டே இந்தக் கதையை எழுதினார்.

இந்தக் கதையைத் தழுவிய மகேஷ் பட்டின் இந்திப் படம் 'ஜுனூன்' (1992) ஓநாயைப் புலியாக்கியது. ஆனால் பகிடி விடும் ஜாக்குக்கு அங்கே இந்த இடம் கிடைக்கவில்லை. 'காஞ்சனா'வில் (2011) பேய்க்கு நியாயமான வழக்கு இருக்கிறது, அதற்காக அந்தப் படத்தை மதிக்கிறோம். ஆனால் அங்கே சிரிப்பு பயந்தாங்கொள்ளிக் கதாநாயகனுக்கும் அவன் அம்மாவுக்கும் உரியது. பேயின் பழைய கதை தொடங்கியதும் அரங்கம் அழத் தயாராகிவிடுகிறது. சிரிக்கவைக்கும் உரிமை செத்தவருக்கு இல்லை.

இலங்கையில் ஓநாயே கிடையாது, நரிதான். பௌர்ணமி இங்கே இறைச்சிக் கடை பூட்டும் போயா தினம். ஆனால் கரடித் தலையோடு மயானத்தில் உலவும் மகாசோனா இருக்கிறான். தென்பகுதியில் அவனுக்கு ஆடும் தொவில் சடங்கை ஆராய்ந்த மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபரர் 1983இல் வெளியிட்ட நூலில், நோயாளியைக் குணமாக்குவதில் சிரிப்புக்குள்ள பங்கை விரிவாகக் காட்டினார். முன்னிரவில் நடுங்கவைத்த பேய்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு முகமூடியோடு வந்து, மேளகாரரோடு வாய்ச்சண்டை பிடித்து, கெட்ட வார்த்தை பேசி, மூக்குடைபட்டுப் போகும். ஊரோடு சேர்ந்து நோயாளியும் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பு சுகத்தின் அறிகுறி.

அப்படிச் சிரிக்கவைக்கும் பேய்க்கு இங்கே கதையும் குறைவில்லை. களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹெந்தளையில், ஒரு தமிழர் கட்டிய விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் அதோடு போயின. செத்தவர்கள் இந்த ஊரில் நிறையப்பேர், அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் குறும்படக்காரர்களோ இன்னும் சென்னைப் பேய்ப்படங்களின் வெள்ளைச் சேலையையும் விரித்த தலையையுமே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செத்தவர் வந்து நம்மோடு தேத்தண்ணி குடித்துப் பகிடி விடும் ஒரு திரைக்கதை, முகத்துவாரத்துப் பேச்சிலேயே எழுதியது, யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு வேண்டிய பக்கங்களை ஒதுக்குகிறோம்.